கவலை இல்லாத மனிதனா அவர்?

கலைஞர்கள் மறைவதில்லை என்று மேடைதோறும் சொல்லுகிறோம். சொல்லி முடித்த கையோடு அவர்களை மறந்தும் போகிறோம். மறக்காமல் இருக்கும்போதோ, அதைவிடப் பெரிய தவறு ஒன்றைச் செய்கிறோம். அவர்களுடைய வாழ்க்கையைப் பிள்ளைகளுக்குக் காட்டும் எச்சரிக்கைப் பலகை ஆக்கிவிடுகிறோம். "ஆடினான், பாடினான், அழிந்தான், நீயும் அப்படி ஆகிவிடாதே" என்று மூன்று சொற்களில் ஒரு மனிதனின் கதையை முடித்துவிடுகிறோம். இப்படி முடிக்கப்பட்ட கதைகளில் மிகவும் பெயர் பெற்றது நடிகர் ஜே.பி. சந்திரபாபுவின் கதை. அந்தக் கதையை மறுபடியும் பிரித்துப் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுதத் தூண்டியது நம் கல்லூரி நாள் விழா. பல்சுவை நிகழ்ச்சியில் ஒரு மாணவன் சந்திரபாபுவின் பாட்டுக்கு ஆடினான். அரைக்கால் சட்டை, தொப்பி, தோளிலிருந்து நழுவும் கோட்டு. முழங்கால் எலும்பு இல்லாதவன்போல் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சரிந்து போனான். பின்வரிசையில் எப்போதும் கூச்சல் போடும் மாணவர்கள்கூட அன்று ஆசிரியர்களோடு சேர்ந்து கைதட்டினார்கள். இருபது வயதுப் பிள்ளைகள், தாங்கள் பிறப்பதற்கு முன்பே மறைந்துபோன ஒருவருக்காகக் கைதட்டியதைக் கண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

விழா முடிந்ததும் அவன் தந்தை என்னிடம் வந்தார். சைதாப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுபவர். "பையன் நல்லா ஆடுறான் சார், இல்லேங்கல. ஆனா இவனுக்கு இதே நெனப்பா இருக்கு. அந்த சந்திரபாபு கதி என்னாச்சுன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க சார்" என்றார்.

நானும் எடுத்துச் சொன்னேன். "கலை சோறு போடாது தம்பி, முதலில் பட்டம் வாங்கு" என்றேன். அவன் தலையை ஆட்டினான். அடுத்த பருவத்தில் நுண்கலை மன்றத்துக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலில் அவன் பெயர் இல்லை. யாரும் அவனைத் தடுக்கவில்லை; நாங்கள் இரண்டு பெரியவர்கள் அன்போடு சொன்ன அறிவுரைதான் அந்த வேலையைச் செய்தது. அன்றிலிருந்து என் மனத்தில் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தத் தந்தை குறிப்பிட்ட "கதி" என்ன? அதை நான் சரியாகத் தெரிந்துகொண்டுதான் பேசினேனா?

தூத்துக்குடியிலிருந்து திருவல்லிக்கேணிக்கு

சந்திரபாபு 1927 ஆகஸ்டில் தூத்துக்குடியில் பிறந்தார். வசதியான கத்தோலிக்கப் பரதவர் குடும்பம். ஜோசப் பனிமயதாஸ் என்ற அவர் பெயரிலேயே அந்த ஊரின் பனிமய மாதா இருக்கிறாள். தந்தை ரோட்ரிக்ஸ் நாட்டு விடுதலைக்காகப் போராடியவர், பத்திரிகை நடத்தியவர். வெள்ளையர் ஆட்சி அந்தக் குடும்பத்தின் சொத்துகளைப் பறித்து, அவர்களை இலங்கைக்கு அனுப்பியது. எனவே மகனின் பிள்ளைப் பருவமும் பள்ளிப் படிப்பும் கொழும்பில் கழிந்தன. அந்தத் துறைமுக நகரம்தான் அவருக்கு மேலைநாட்டு இசையையும் ஆட்டத்தையும் முதன்முதலில் காட்டிய ஊர்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குடும்பம் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியேறியது. செல்வத்தில் பிறந்தவர், நாட்டுக்காக எல்லாவற்றையும் இழந்த வீட்டின் பிள்ளையாக இந்த நகரத்தின் சந்துகளில் நடந்தார். 1947-இல் வெளிவந்த 'தன அமராவதி'யில் தலைகாட்டினார். பிறகு ஐந்தாண்டுக் காலம் பெரும்பாலும் அலைச்சல்தான். படக்கம்பெனிகளின் வாசலில் நிற்பது, பாடிக் காட்டுவது, ஆடிக் காட்டுவது, "பிறகு பார்க்கலாம்" என்ற பதிலோடு திரும்புவது.

1952-இல், ஜெமினி ஸ்டுடியோவில் எஸ்.எஸ். வாசனைச் சந்திக்க முயன்று முயன்று முடியாமல் போன மனக்கசப்பில், அங்கேயே உயிரை விடத் துணிந்தார் சந்திரபாபு. காப்பாற்றப்பட்டார். அக்காலச் சட்டப்படி வழக்கும் வந்தது. நீதிமன்றத்தில் அவர் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தித் தம் கையைச் சுட்டுக்கொண்டார் என்றும், சுட்டதைப் பார்க்க முடிகிறது, அந்தச் சூட்டை உணர முடிகிறதா என்ற பொருளில் நீதிபதியைக் கேட்டார் என்றும் திரையுலகில் ஒரு கதை வழங்கி வருகிறது. கதை எப்படியாயினும், அதன்பின் வாசன் அவரை அழைத்து 'மூன்று பிள்ளைகள்' படத்தில் வாய்ப்புத் தந்தார் என்பது வரலாறு.

மாணவர்களே, அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. நம் முதுகலை வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களின் வயது. நந்தனத்திலிருந்து அண்ணா சாலையில் வடக்கே போனால் ஜெமினி மேம்பாலம் வருகிறது. ஜெமினி ஸ்டுடியோ இருந்த மனையில் இன்று பெரிய ஓட்டல் நிற்கிறது. நாம் தினமும் பேருந்தில் கடந்து போகும் அந்த இடத்தில்தான் ஓர் இளைஞன், தன்னை யாருமே கேட்கமாட்டார்கள் என்று முடிவு கட்டினான். அவன் முடிவு தவறு. அடுத்த ஆறேழு ஆண்டுகளில் தமிழகம் முழுவதும் அவன் பாட்டைக் கேட்டது. அன்று அவன் தோளைத் தொட்டு, "வா, ஒரு டீ சாப்பிட்டுவிட்டுப் பேசலாம்" என்று சொல்ல ஒரு நண்பன் அருகில் இருந்திருக்கலாகாதா என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. உங்கள் பக்கத்து இருக்கையில் அப்படி ஒருவன் இருக்கக்கூடும். அவன் மிகவும் சிரிக்கவைப்பவனாகவும் இருக்கக்கூடும்.

விளையாட்டாகத் தோன்றிய உழைப்பு

சந்திரபாபுவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் "கவலையற்றவர்", "கட்டுக்கடங்காதவர்" என்றே எழுதுகிறார்கள். அவர் நடித்த படம் ஒன்றின் பெயரே அப்படி அமைந்துவிட்டதால் அந்தப் பட்டம் எளிதில் ஒட்டிக்கொண்டது. ஆனால் திரையில் நாம் காணும் அந்த விட்டேற்றித்தனத்துக்குப் பின்னால் எவ்வளவு பயிற்சி இருந்தது என்று எண்ணிப் பார்த்தோமா?

பாட்டையே எடுத்துக்கொள்வோம். தமிழ்த் திரையில் 'யோடலிங்' என்னும் குரல் வித்தையைக் கொண்டுவந்த முன்னோடி அவர். ஆல்ப்ஸ் மலையில் ஆடுமாடு மேய்ப்பவர்கள் ஒரு மலைச்சரிவிலிருந்து மறு சரிவுக்குக் கூப்பிடப் பயன்படுத்திய முறை அது. நெஞ்சிலிருந்து எழும் கனத்த குரலிலிருந்து, தலையிலிருந்து எழும் மெல்லிய கள்ளக் குரலுக்கு ஒரு நொடியில் தாவ வேண்டும். தாவிய வேகத்திலேயே திரும்பி வர வேண்டும். இடையில் சுருதி நழுவக்கூடாது. நம் சங்கீதப் பயிற்சி குரலில் விரிசல் விழாமல் காப்பாற்றச் சொல்லித் தருகிறது. இதுவோ அந்த விரிசலையே அழகாக்கும் கலை. இந்தியில் கிஷோர் குமார் இதற்குப் பெயர் பெற்றார். தமிழில் சந்திரபாபு அதைச் செய்தபோது, சிரிப்பு நடிகரின் சேட்டை என்று பலர் எண்ணிவிட்டார்கள். குளியலறையில் ஒருமுறை முயன்று பாருங்கள். சேட்டையா சாதகமா என்பது விளங்கும்.

அந்தக் குரலின் தரத்துக்கு இன்னொரு சான்று உண்டு. 1954-இல் வந்த ஏவி.எம். படமான 'பெண்'ணில், வீணை மேதை எஸ். பாலசந்தர் நடித்தார். இசையை மூச்சாகக் கொண்ட அவருக்கே திரையில் பின்னணி பாடியவர் சந்திரபாபு. மயிலாப்பூர் சபாக்களில் வீணையால் புகழ்பெற்ற ஒருவரின் உதட்டில் சந்திரபாபுவின் குரல் பொருந்தி நின்றது என்றால் அது சாதாரணச் செய்தியன்று. தொடக்கக் காலத்தில் அவருடைய பாட்டு சரிப்பட்டு வராது என்று எண்ணியவர் எம்.எஸ். விசுவநாதன் என்பார்கள். பின்னாளில் அந்த விசுவநாதனே அவருடைய மிக நெருங்கிய நண்பரானார். அவர்கள் சேர்ந்து உருவாக்கிய பாடல்கள் இன்றும் இரவு நேர வானொலியை விட்டுப் போகவில்லை.

நடிப்பு? 1958-இல் பி.ஆர். பந்துலு இயக்கிய 'சபாஷ் மீனா'வை இன்று பார்த்தாலும் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். சிவாஜி கணேசன் போன்ற ஒரு மகா நடிகரின் பக்கத்தில் நின்று, இரட்டை வேடத்தில், அவருக்குச் சளைக்காமல் ஈடுகொடுத்தார் சந்திரபாபு. அதே கதையைப் பந்துலு 1962-இல் 'தில் தேரா தீவானா' என்று இந்தியில் எடுத்தபோது, சந்திரபாபு செய்ததைச் செய்ய மெஹ்மூத் தேவைப்பட்டார். 1996-இல் 'உள்ளத்தை அள்ளித்தா'வாக அந்தக் கதையின் சாயல் மறுபடி வந்து வெற்றி பெற்றது. கதை பல கைகளுக்குப் போய்விட்டது. ஆனால் அந்த உடம்பின் நெளிவும் சுளிவும் யார் கைக்கும் போகவில்லை.

நம் தெருவின் பேச்சு

'சபாஷ் மீனா'வில் அவர் ஏற்ற வேடங்களுள் ஒன்று ரிக்ஷாக்காரர். அந்த ரிக்ஷாக்காரர் பேசியது சென்னைத் தமிழ். இதைப் பற்றி நம் கல்லூரியில் பேச எனக்குத் தனி உரிமை உண்டு. ஏனெனில் என் வகுப்பில் அமர்ந்திருப்போரில் பலர் சைதாப்பேட்டையிலிருந்தும் கோட்டூரிலிருந்தும் பட்டினப்பாக்கத்திலிருந்தும் வருகிறவர்கள். அவர்கள் வீட்டுப் பேச்சு அது. வகுப்பில் ஒருவன் வாய் தவறி "இன்னா சார்" என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள்; அவன் முகம் சுருங்கிப் போகிறது.

அந்தப் பேச்சில் வெட்கப்பட என்ன இருக்கிறது? 'துட்டு' டச்சுக்காரர்களின் நாணயத்திலிருந்து வந்த சொல். 'நாஷ்டா'வும் 'பேஜா'ரும் உருதுவின் வழியே வந்தவை. பக்கத்து வீட்டுத் தெலுங்கும், துரைமார் வீட்டு ஆங்கிலமும் அதில் உண்டு. துறைமுகமும் பட்டாளமும் சந்தையும் சேர்ந்த ஒரு நகரத்தில், உழைத்துப் பிழைக்க வந்தவர்கள் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்ட பொதுப்பேச்சு அது. சென்னையின் முந்நூறு ஆண்டு வரலாறு அதற்குள் படிந்து கிடக்கிறது.

தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் படித்தவர், திருவல்லிக்கேணியில் வாழ்ந்தபோது அந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார். அதன் இழுப்பையும் வேகத்தையும் கற்றார். திரையில் அதைப் பேசி மக்களை மயக்கிய முன்னோடிகளுள் ஒருவரானார். அவர் பேசியபோது மக்கள் சிரித்தார்கள், உண்மைதான். ஆனால் அந்த ரிக்ஷாக்காரரைக் கண்டு யாரும் முகம் சுளிக்கவில்லை, விரும்பினார்கள். 1973-இல் தமிழக அரசு மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்ஷாவை ஒழித்தது. அடுத்த ஆண்டு சந்திரபாபு மறைந்தார். வண்டி போய்விட்டது, அதை இழுத்தவர்களும் போய்விட்டார்கள். அவர்கள் பேசிய பேச்சின் ஒரு துளி அந்தப் படச்சுருளில் தங்கிவிட்டது. இது கலைஞன் செய்த தொண்டு அல்லவா?

ஒரே சூதாட்டம், இரண்டு பெயர்கள்

இனி அந்த "கதி"க்கு வருவோம். குடித்தார், கர்வம் கொண்டார், காசை விட்டார், ஆகவே வீழ்ந்தார். இதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

அவர் குற்றமற்றவர் என்று நான் வாதாடவில்லை. கவிஞர் கண்ணதாசன் சொந்தமாகத் தயாரித்த 'கவலை இல்லாத மனிதன்' 1960-இல் வந்தது. அந்தப் படத்துக்காகச் சந்திரபாபுவின் வீட்டில் காத்துக் கிடந்த வேதனையைக் கண்ணதாசனே பின்னாளில் எழுதினார். படம் ஓடவில்லை, கவிஞர் கடனாளியானார். நேரத்துக்கு வராத ஒருவரால் நூறு பேரின் உழைப்பு வீணாகும். அதை மன்னிக்கலாம், மறைக்கக்கூடாது. எதையும் முகத்துக்கு நேரே பேசுவது, பெரியவர் சிறியவர் பாராமல் பேர் சொல்லி அழைப்பது ஆகியவற்றைச் சிலர் ஆணவம் என்றனர், சிலர் வெள்ளை மனம் என்றனர். இரண்டும் கலந்தே இருந்திருக்கலாம்.

ஆனால் அவர் வீழ்ச்சியின் பெரும்பகுதி குடியால் வந்ததன்று. படம் எடுக்கப் போனதால் வந்தது. எம்.ஜி.ஆரைக் கதாநாயகனாக வைத்து 'மாடி வீட்டு ஏழை' என்ற படத்தைத் தொடங்கினார். அது பாதியில் நின்றது. காரணத்தை அவரவர் தம் பக்கத்து நியாயப்படி சொல்வார்கள். போட்ட முதல் திரும்பவில்லை. கிரீன்வேஸ் சாலையில் கேசவபெருமாள்புரத்தில், மாடிக்கே கார் ஏறிச் செல்லும்படி அவர் ஆசையாகக் கட்டத் தொடங்கிய வீடும் கடனில் கைநழுவிப் போயிற்று. மாடி வீட்டு ஏழை என்று அவர் வைத்த தலைப்பு அவருக்கே பொருந்தியதை விதி என்பதா? 1966-இல், சாவித்திரியோடு தாம் நடித்து, தாமே இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' வெளிவந்தது. விவிலியத்தின் வாக்கைத் தலைப்பாக வைத்துத் தட்டினார். கதவு திறக்கவில்லை.

இங்கே ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். எம்.ஜி.ஆர். 1958-இல் 'நாடோடி மன்ன'னைத் தாமே தயாரித்து, தாமே இயக்கி, தம் கையிலிருந்ததை எல்லாம் அதில் போட்டார். படம் ஓடினால் மன்னன், ஓடாவிட்டால் நாடோடி என்று அவர் சொன்னதாக இன்றும் சொல்வார்கள். அந்தப் படத்தில் சந்திரபாபுவும் நடித்திருந்தார். அருகில் நின்று அந்தத் துணிச்சலைப் பார்த்தவர்தான் பிறகு தாமும் துணிந்தார். ஆடியது ஒரே ஆட்டம். வென்றவரைத் தீர்க்கதரிசி என்கிறோம்; தோற்றவரை ஊதாரி என்கிறோம். பகடை விழுந்த பிறகு பெயர் வைப்பது எளிது.

குடி அவரை அரித்தது மெய். அதை அழகுபடுத்திப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் கடனும் தனிமையும் முந்தினவா குடி முந்தினதா என்று ஆராயாமல், எல்லாவற்றையும் ஒரு புட்டியின் தலையில் போட்டுவிட்டு நாம் கைகழுவிக்கொள்வது நியாயமா? சாவித்திரியும் படம் எடுத்துப் பொருளிழந்து, 1981-இல் நலிந்த நிலையிலே மறைந்தார். அந்தக் காலத் திரைத்தொழிலில் கலைஞனுக்கு மாதச் சம்பளம் கிடையாது, ஓய்வூதியம் கிடையாது, முதுமைக்கு ஒரு பிடிமானம் கிடையாது. நேற்று மாலை போட்டவன் இன்று கார் கதவைக்கூடத் திறக்கமாட்டான். அத்தகைய தொழிலில் விழுந்தவனைப் பார்த்து, "நீ ஏன் கவனமாக நடக்கவில்லை" என்று மட்டும் கேட்பது, பாலம் இல்லாத ஆற்றில் முழுகியவனை நீச்சல் தெரியாதவன் என்று இகழ்வது போலாகும்.

ஒரு மாலை நடை

இவற்றையெல்லாம் படித்தும் பழைய படங்களைப் பார்த்தும் தெரிந்துகொண்ட பிறகு, அந்த மாணவனைக் கூப்பிட்டேன். "என்னோடு ஓரிடத்துக்கு வருகிறாயா?" என்றேன். ஒரு சனிக்கிழமை மாலை, நந்தனம் சிக்னலிலிருந்து சேமியர்ஸ் சாலை வழியாக நடந்தோம். ராஜா அண்ணாமலைபுரத்தைக் கடந்து கிரீன்வேஸ் சாலையைப் பிடித்தோம். அமைச்சர்களும் நீதிபதிகளும் வாழும் அந்த அமைதியான சாலையில், கேசவபெருமாள்புரத்தைக் காட்டி, "மாடிக்குக் கார் ஏறும் வீட்டை அவர் இந்தப் பக்கத்தில்தான் கட்ட நினைத்தார்" என்றேன். அவன் நின்று பார்த்தான். "செம ஐடியா சார்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நாளும் அந்த வீட்டை ஆடம்பரத்தின் அடையாளமாகவே நான் கேட்டிருந்தேன். அது ஒரு நல்ல கற்பனை என்று ஒருவன் சொல்லக் கேட்டது அன்றுதான்.

அங்கிருந்து சாந்தோம் பக்கம் திரும்பி, குயிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்தை அடைந்தோம். 1974 மார்ச் 8-ஆம் நாள் மறைந்த சந்திரபாபு அங்கேதான் துயில்கிறார். அடக்கத்துக்கு முன், அவர் விரும்பியிருந்தபடி அவருடைய உடலை எம்.எஸ். விசுவநாதனின் வீட்டில் சிறிது நேரம் வைத்திருந்தார்கள் என்று சொல்வார்கள். ஒருகாலத்தில் தம் குரலை ஏற்காதவர் என்று பேசப்பட்ட நண்பரின் வீட்டு வாசலில் கடைசியாக ஒருமுறை இளைப்பாற அந்த மனம் ஆசைப்பட்டிருக்கிறது. கவலை இல்லாத மனிதன் இப்படி ஆசைப்படுவானா?

அவர் வாழ்ந்தது எத்தனை ஆண்டு என்று மாணவன் விரல்விட்டு எண்ணினான். "நாப்பத்தாறுதானா சார்?" என்று கேட்டான். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கப்பாவுக்கு நாப்பத்தெட்டு" என்றான். கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. நான் அவனுக்கு முன்பு செய்த அறிவுரைக்காக வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று நினைத்தே வந்திருந்தேன். திரும்பும் வழியில் பேருந்து நிறுத்தத்தில் அதைச் சொன்னேன். "பட்டம் வாங்கு, அது வேண்டும். ஆனால் ஆட்டத்தை விடு என்று நான் சொன்னது தப்பு" என்றேன். "அப்பா கிட்டயும் இதச் சொல்வீங்களா சார்?" என்று கேட்டான். சொல்வதாக ஒப்புக்கொண்டேன். சொல்லவும் செய்தேன். அவர் உடனே ஒத்துக்கொண்டுவிடவில்லை. "நீங்க சொல்றீங்க, சரி. ஆனா அவன் விழுந்தா யார் சார் புடிப்பா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் ஒருவனாக நின்று பதில் சொல்ல முடியாது.

நாம் செய்யத்தக்கவை

தியாகராய நகரில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்குச் சிலை இருக்கிறது. 1969 ஜனவரியில், நோயுற்ற உடலோடு வந்து பேரறிஞர் அண்ணா அதைத் திறந்துவைத்தார். சிரிக்கவைத்தவனுக்கு ஒரு முதலமைச்சர் தம் இறுதி நாட்களில் செய்த மரியாதை அது. கலைவாணரும் சேர்த்து வைக்காதவர், அள்ளிக் கொடுத்தவர், 1957-இல் ஐம்பதை எட்டாமலே மறைந்தவர். அவரை நாம் வள்ளல் என்று போற்றுகிறோம், எச்சரிக்கையாகக் காட்டுவதில்லை. அந்தப் பெருந்தன்மையை ஏன் சந்திரபாபுவுக்கும் காட்டக்கூடாது? சிலை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் கதையைச் சொல்லும் முறையை மாற்றுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

1965 போர்க்காலத்தில் தமிழ்த் திரைக் கலைஞர்கள் தில்லி சென்றிருந்தபோது, குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் முன்னிலையில் சந்திரபாபு பாடினார். பாட்டைப் பாராட்டிய அந்தத் தத்துவப் பேரறிஞரின் மடியில் போய் உட்கார்ந்து, கழுத்தில் கைபோட்டு, அவருடைய ரசனையைப் பாராட்டினார் என்று அந்த நிகழ்ச்சியை இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம். நெறிமுறையை மீறிய செயல் என்று குடியரசுத் தலைவர் கோபிக்கவில்லை, மகிழ்ந்தார். அந்த முதியவரிடமிருந்து பெரியவர்களாகிய நாம் கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கலைஞனின் சுதந்திரத்துக்கு மடியில் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். அவன் உட்கார்ந்தால் நம் பதவி குறைந்துபோகாது.

நம் கல்லூரியிலிருந்தே தொடங்கலாம். விழாவுக்கு முந்தின வாரம் மட்டும் திறக்கும் ஒத்திகை அறையை ஆண்டு முழுவதும் திறந்து வைக்கலாம். ஆடுகிறவனும் பாடுகிறவனும் வகுப்புக்கு வராதவர்கள் என்ற எண்ணத்தை ஆசிரியர்களாகிய நாங்கள் கைவிட வேண்டும். ஒப்பந்தம் என்றால் என்ன, கணக்கு எப்படி எழுதுவது, கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் எதைப் படிப்பது என்று நுண்கலை மன்றத்து மாணவர்களுக்கு வணிகவியல் துறை சொல்லித் தரலாம். சந்திரபாபுவுக்கு அதைச் சொல்லித் தர ஒருவர் இருந்திருந்தால் கேசவபெருமாள்புரத்து வீடு எழுந்திருக்கும். நலிந்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக அரசு உதவித்தொகை தருகிறது. நம் பேட்டையில் வாழும் முதிய கலைஞர்களைத் தேடிச் சென்று, அதற்கான விண்ணப்பம் எழுதித் தர நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு நாள் ஒதுக்கினால் போதும். ஒருவர் மறைந்தபின் எழுதும் நூறு இரங்கற் கட்டுரைகளைவிட, அவர் வாழும்போது எழுதும் ஒரு விண்ணப்பம் பெரிது. இந்தக் கட்டுரைக்கும் அது பொருந்தும்.

மாணவர்களிடம் கேட்பது ஒன்றே. உங்களைச் சிரிக்கவைக்கும் நண்பனை ஒருநாள் தனியே பார்த்து, "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேளுங்கள். அவன் வேடிக்கையாகப் பதில் சொன்னால் மறுபடியும் கேளுங்கள்.

அந்த ஆட்டோ ஓட்டுநர் கேட்ட கேள்விக்கு மேலே சொன்னவைதான் என் பதில். விழுந்தால் பிடிக்க நாலு கைகள் உண்டு என்று தெரிந்தால்தான் ஒரு தகப்பன் தன் மகனை மேடையேற விடுவான். சென்ற வாரம் ஒத்திகை அறையைக் கடந்து போனபோது, உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. பழைய பாட்டு. யாரோ ஒருவன் அந்தக் குரல் தாவலை முயன்று, தவறி, மறுபடி முயன்றுகொண்டிருந்தான். நான் கதவைத் தட்டவில்லை. அது ஏற்கனவே திறந்துதான் இருந்தது.